வெளிச்சம் பட்ட பால்

வெர்னா ராட்கே முப்பத்தொரு வருஷமாகக் காலையில் காபி குடித்ததில்லை. விஸ்கான்சினில், அதுவும் எங்கள் பக்கத்தில், முழங்கால் அளவு பனி கிடக்கிற ஜனவரியில் விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிற ஒருத்தி காபி குடிக்கவில்லை என்றால், ஒன்று அவளுக்கு வயிற்றில் புண் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கிறுக்குப் பிடித்திருக்கவேண்டும் என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள். அவளுக்கு இரண்டும் இல்லை. ஹாஸ்லிங்கர் டெய்ரியில் பாலை ருசி பார்த்துத் தரம் போடுவது அவள் வேலை. காலை ஒன்பது மணிக்கு நாக்கு சுத்தமாக இருக்கவேண்டும். அதற்காகக் காபியை விட்டாள், சிகரெட்டை விட்டாள், செண்ட்டை விட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே கூடி வறுத்த மீன் தின்னும்போது, கறுப்பு ரொட்டியின் மேல் வைத்துத் தருகிற பச்சை வெங்காயத்தைப் பொறுக்கிப் புருஷன் தட்டில் தள்ளிவிடுவாள். சனிக்கிழமையும் அவளுக்கு வேலை உண்டு.

இருபத்தேழு வயதில் கண்ணாடிக் குழாய் கழுவத்தான் அங்கே சேர்ந்தாள். ஒருநாள் முதலாளி பெரிய ஹாஸ்லிங்கர் விளையாட்டாக ஒரு கப்பை நீட்ட, வாயில் வைத்துப் பார்த்தவள், இந்த மாடுகள் வேலி தாண்டிப் போய்க் காட்டு வெங்காயம் மேய்ந்திருக்கின்றன என்றாள். கிழவர் அந்தப் பண்ணைக்குப் போன் போட்டுக் கேட்டார். வேலி விழுந்து இரண்டு நாளாகிறதாம். அடுத்த வாரம் அவளைக் கழுவுகிற வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். லாரி டிரைவர்கள் அவளுக்கு 'நாக்குக்காரி' என்று பெயர் வைத்தார்கள். அவள் முன்னாலேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் கோபித்துக்கொள்ளமாட்டாள்.

வேலை பார்க்க லேசாகத்தான் தெரியும். ஜில்லென்ற பாலில் குறை தெரியாது. அதனால் கொஞ்சம் சூடு ஏற்றி, ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டி, மூக்கு வழியாக மூச்சு விட்டு, துப்பிவிடவேண்டும். கொட்டில் வாடை, புளித்த தீவன வாடை, சோப்பு வாடை, ஈர அட்டை வாடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அவள் வேண்டாம் என்றால் அந்த லாரிப் பால் முழுக்கச் சாக்கடைதான். ஒரு தடவை சொந்த அண்ணன் கில்பர்ட் பண்ணையின் பாலையே கொட்டச் சொன்னாள். அந்தக் கிறிஸ்துமஸ் விருந்தில் கில்பர்ட் வாயைத் திறந்தது ஒரே தடவை. "கிழங்குல உப்பு சரியா இருக்கா, இல்ல இதையும் கொட்டிடணுமா?" என்று கேட்டான். பிறகு இரண்டு வருஷம் பேசவில்லை. வெர்னாவுக்கு வருத்தம்தான். ஆனால் அந்தப் பால் கொட்டவேண்டிய பால். அதில் அவளுக்கு இன்றுவரை சந்தேகம் கிடையாது.

புருஷன் ஆரின், பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றி வருகிற லாரி ஓட்டியவர். முழங்கால் தேய்ந்துபோய் ஓய்வு பெற்றுவிட்டார். தினம் சாயங்காலம், பால் நிரப்புகிற மெஷினிலிருந்து இறங்கிய கையோடு ஒரு கேன் பாலைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவாள் வெர்னா. ராத்திரிச் சாப்பாட்டோடு ஆரினுக்கு உயரமான கிளாசில் ஊற்றி வைப்பாள். மதுக்கடையில் பெண்டாட்டியின் நாக்கைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்வது ஆரினின் பழக்கம்.

டெய்ரிக்குள் எல்லாருக்கும் தெரிந்த, ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு வேடிக்கை உண்டு. ஒரே தொட்டிப் பாலைத்தான் ஹாஸ்லிங்கர் கேனிலும் நிரப்பினார்கள், சூப்பர் மார்க்கெட் தன் பெயரில் மலிவாக விற்கிற கேனிலும் நிரப்பினார்கள். வித்தியாசம் ஸ்டிக்கர் மட்டும். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் மலிவுப் பால் தண்ணீர், ஹாஸ்லிங்கர் பால்தான் கெட்டி என்று சத்தியம் பண்ணுவார்கள். எங்கள் லூத்தரன் சர்ச்சில் சமையல் பொறுப்பு ஷர்லி பிட்டெல்கோவுக்கு. சூப்பர் மார்க்கெட் பாலில் புட்டிங் கிண்டினால் இறுகாது என்று பத்துப் பேர் கேட்க அடித்துச் சொல்கிறவள் அவள். வெர்னா அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வாள். ஜனங்கள் கண்ணால் குடிக்கிறார்கள், குடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அப்போது அது அவளைச் சுடவில்லை.

சுட்டது வேறு விஷயம். ஒருநாள் வீட்டில் பால் தீர்ந்துபோய், கடையிலிருந்தே ஹாஸ்லிங்கர் கேன் ஒன்றை வாங்கி வந்தாள். ஒரு வாய் வைத்ததும் முகம் சுண்டிப்போயிற்று. முதலில் சப்பென்று இருந்தது. அப்புறம் நனைந்த அட்டை, அதற்குப் பின்னால் முடி கருகின வாடை. மூன்று நாளுக்கு முன்னால் அவளே ருசி பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய பால் அது. பாதி வெளிச்சத்தை உள்ளே விடுகிற மெல்லிய பிளாஸ்டிக் கேன். கடை அலமாரியில் இரவும் பகலும் எரிகிற விளக்கு. வெளிச்சம் படப் படப் பால் கெடும். இது அவள் தொழிலில் அரிச்சுவடிப் பாடம். தெரிந்திருந்தும் டெய்ரி வாசலுக்கு வெளியே பாலுக்கு என்ன ஆகிறது என்று அத்தனை வருஷம் யோசிக்காமல் இருந்தோமே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு அதே பேச்சுத்தான். வெளிச்சம் புகாத வெள்ளைக் கேனில் பாலைக் கொடுங்கள் என்று பெரிய ஹாஸ்லிங்கருக்கு வருஷா வருஷம் எழுதினாள். கிழவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பதினோரு வருஷம் கழித்துக் கிழவர் ஒதுங்கி, மகன் டுவெய்ன் பொறுப்புக்கு வந்தான். டுவெய்ன் நல்லவன், எதையாவது புதுசாகச் செய்யவேண்டும் என்ற பரபரப்பு உள்ளவன். அவள் கொண்டுபோய்க் கொடுத்த இரண்டு கப் பாலையும் குடித்துப் பார்த்தான். வித்தியாசம் தெரிகிறது என்றான். மே மாதம் வெள்ளைக் கேன் வந்துவிட்டது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர்கள் கையில் கேனோடு வெர்னாவை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். ஐம்பத்தெட்டு வயதில் அவள் படம் பேப்பரில் வந்தது அதுதான் முதல் தடவை. கடையில் முதல் கேனைத் தானே காசு கொடுத்து வாங்கி, கார் நிறுத்துமிடத்திலேயே மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். துப்பாமல் விழுங்கினாள். டெய்ரியை விட்டு எப்படிப் புறப்பட்டதோ அப்படியே இருந்தது.

ஊர் நன்றி சொல்லும் என்று எதிர்பார்த்தாள். பாவம், அவள் செய்த ஒரே தப்புக் கணக்கு அது.

ஜூன் பிறக்குமுன் டெய்ரியில் போன் அடிக்க ஆரம்பித்தது. பாலில் தண்ணீர் கலக்கிறீர்களா என்று கேட்டார்கள். பால் சப்பென்று இருக்கிறது, பிள்ளைகள் கிளாசைத் தள்ளிவிடுகிறார்கள், உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றுகூடத் தெரியாத இந்த வெள்ளை டப்பாவை எவன் கண்டுபிடித்தான் என்று வாய்க்கு வந்தபடி கேட்டார்கள். ஒரு சாவு வீட்டுச் சாப்பாட்டில், சர்ச்சின் கீழ்த்தளத்தில், எல்லாரும் ஹாம் ரொட்டி எடுத்துக்கொண்டிருக்கும்போது ஷர்லி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"வெர்னா, பாலை என்ன பண்ணித் தொலைச்சீங்க? பால் வாசனையே இல்லையே அதுல."

"நீ பால் வாசனைன்னு சொல்றது கெட்டுப்போன வாசனை, ஷர்லி. வெளிச்சம் பட்டா வர்றது. இப்பக் குடிக்கிற பாரு, இதுதான் பால்."

ஷர்லி கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ நாங்கல்லாம் இத்தனை வருஷமா எங்க பிள்ளைங்களுக்குக் கெட்டுப்போன பாலையா குடுத்து வளர்த்தோம்?"

வேறு எவளாக இருந்தாலும் சிரித்து மழுப்பியிருப்பாள். முப்பது வருஷம் பாலுக்கு மார்க் போட்டே பழகிய வாய், கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொல்லும். வெர்னா ஆமாம் என்றாள். அந்த ஒரு ஆமாம் அரைமணி நேரத்தில் எல்லா மேஜைக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் பக்கத்தில் யாரும் வந்து உட்காரவில்லை. தன் ரொட்டியைத் தனியாகத் தின்று, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

விற்பனை சரிந்தது. டுவெய்ன் பயந்துபோய் மில்வாக்கியிலிருந்து பெய்ஜ் என்று ஒரு விளம்பரக்காரப் பெண்ணை வரவழைத்தான். முப்பது வயதிருக்கும். மரியாதையானவள், வெர்னாவை வார்த்தைக்கு வார்த்தை மேடம் என்பாள். நாம் சண்டை போடவேண்டாம், ஊரையே கேட்டுவிடுவோம் என்றாள். ஆகஸ்டில், வருஷா வருஷம் மாவட்டமே கூடுகிற கவுன்டி சந்தை வந்தது. மாட்டுக் கொட்டகைக்கு எதிரில் ஒரு கூடாரம் போட்டார்கள். ஒரு மேஜையில் பெயர் போடாத இரண்டு கப். ஒன்றாவது வெள்ளைக் கேன் பால். இரண்டாவது அதே பால், இரண்டு நாள் கடை விளக்கின் கீழ் இருந்தது. எது பிடிக்கிறது, ஏன் என்று ஒரு சீட்டில் எழுதிப் போடவேண்டும். பாலை ஊற்றிக் கொடுக்கிற வேலையை வெர்னா கேட்டு வாங்கிக்கொண்டாள். யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்ற கவலை அவளுக்கு. ஒரு தட்டிக்கு இந்தப் பக்கம் அவள் ஊற்றுவாள், அந்தப் பக்கம் ஜனம் குடிக்கும். தட்டியின் இடுக்கு வழியாக முகம் தெரியும்.

இரண்டாவது கப்தான் ஜெயித்தது. மூன்று பேரில் இரண்டு பேருக்கு அதுதான் பிடித்தது. வெர்னா பத்துப் பன்னிரண்டு சீட்டு வரைக்கும் நம்பவில்லை. அப்புறம் தன் நாக்கிலேயே சந்தேகம் வந்து, இரண்டிலும் ஒவ்வொரு வாய் எடுத்துப் பார்த்தாள். சந்தேகத்துக்கு இடமே இல்லை. இரண்டாவது அட்டை, கருகல். அதைத்தான் சப்புக்கொட்டிக் குடிக்கிறார்கள்.

கூடாரத்தின் அந்தக் கோடியில் பெய்ஜ் இன்னொரு மேஜை போட்டிருந்தாள். அங்கே கண்ணாடி பாட்டில். பாட்டிலின் மேல் சிவப்புத் தானியக் கொட்டகைப் படம், பக்கத்தில் ஒரு மாடு. ஹாஸ்லிங்கர் குடும்பத்துக்குக் கொட்டகையும் கிடையாது, மாடும் கிடையாது. தாத்தா காலத்திலிருந்தே பிறத்தியார் மாட்டுப் பாலை வாங்கி விற்கிறவர்கள்தான். பாட்டிலுக்குள் இருந்தது வெள்ளைக் கேன் பால், முதல் மேஜையில் வேண்டாம் என்று தள்ளிய அதே பால். பாட்டிலைச் சாய்த்து ஊற்றினதும் ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள். நாற்பது வயதுக்காரன் ஒருத்தன், அந்தக் காலத்தில் பால்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போவாரே, அசல் அந்த ருசி என்றான். அவன் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே எங்கள் கவுன்டியில் பால்காரர் வருவது நின்றுவிட்டது. ஷர்லி பிட்டெல்கோ இரண்டு தடவை வாங்கிக் குடித்துவிட்டு, "இது பால்" என்று பெய்ஜின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

வெர்னா தட்டிக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் கேட்டாள். தலையில் அடித்துக்கொள்ளவேண்டும்போல இருந்தது. ஊர் முட்டாள்தனம், ஊரோடு போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கப்பை ஊற்றினாள். அப்போதுதான் இடுக்கு வழியாக ஆரினின் தொப்பி தெரிந்தது.

கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் முதல் கப்பை எடுத்தார். ஒரு வாய் குடித்தார், பாதியிலேயே கீழே வைத்துவிட்டார். இரண்டாவதை அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு மேலுதட்டை நக்கிக்கொண்டார். தட்டிக்கு இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. சீட்டில் எழுதிப் போட்டுவிட்டு, மாடு பார்க்கப் போய்விட்டார். வெர்னா பெட்டியைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்தாள். லாரிக் கணக்குப் புத்தகத்தில் எழுதிப் பழகிய அதே கோணல் எழுத்து. இரண்டாவதுக்கு நேரே 'பால் மாதிரி இருக்கு' என்று எழுதியிருந்தார். முதலாவதுக்கு நேரே, 'ஒண்ணும் இல்ல.' சீட்டை மடித்துத் திரும்பப் பெட்டியில் போட்டாள்.

அடுத்த வாரம் டுவெய்னின் அறையில் கூட்டம். பழைய பிளாஸ்டிக் கேன் திரும்ப வரும், அக்டோபரிலிருந்து சிவப்புக் கொட்டகை போட்ட கண்ணாடி பாட்டில் இரண்டு மடங்கு விலைக்கு வரும் என்று பெய்ஜ் சொன்னாள். கண்ணாடியில் வைத்தால் மூன்று நாள் வேண்டாம், ஒரே நாளில் பால் போய்விடும் என்றாள் வெர்னா. "அதுதானே மேடம் அவங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் பெய்ஜ். அவள் நக்கலாகச் சொல்லவில்லை. வெர்னாவுக்கு அதுதான் இன்னும் வலித்தது.

டுவெய்ன் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "உங்க நாக்கு தப்புன்னு யாரும் சொல்லல, வெர்னா. அப்படி ஒரு நாக்கு இந்த ஊர்லயே உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. நான் மத்தவங்களுக்கும் பால் விக்கணுமில்ல?"

இனிமேல் மாதம் இரண்டு தடவை கடைக்கு வருகிற பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்வார்களாம். வெர்னாவுக்கு லாரி வருகை பதிகிற மேஜையில் இடம் இருக்கிறதாம். அவள் யோசிக்க நேரம் கேட்கவில்லை. செப்டம்பரோடு போகிறேன் என்றாள். கடைசி நாளில் பெரிய தட்டுக் கேக் வெட்டினார்கள். அச்சாகி வந்த முதல் கண்ணாடி பாட்டிலில் அவள் பெயரைப் பொறித்துப் பரிசாகக் கொடுத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள், வேறு என்ன செய்வது. ஓய்வு பெற்றவர்களுக்கு வாரத்துக்கு இரண்டு கேலன் பால், மெஷினிலிருந்து நேராக. அது மட்டும் ஹாஸ்லிங்கர் டெய்ரியில் பழைய வழக்கப்படியே இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு கப் காபி போட்டுக் குடித்தாள். முப்பத்தொரு வருஷமாக ஏங்கிய காபி. சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

நவம்பர் வரைக்கும் அவள் அந்தச் சீட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆரின் வழக்கம்போலச் சாப்பாட்டோடு அவள் ஊற்றி வைக்கிற பாலைக் குடித்துக்கொண்டுதான் இருந்தார். இப்போது அவள் கவனித்துப் பார்த்தாள். மருந்து குடிக்கிற குழந்தை மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறார். இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்திருந்தும் அது அவள் கண்ணில் படவில்லை. ஒரு ராத்திரி கிளாசை அவர் எடுக்கப் போகும்போது, வேண்டாம் விடு என்றாள்.

"சந்தையில ரெண்டாவது கப்பைத்தானே குடிச்ச."

ஆரின் கையை எடுத்துக்கொண்டார். "நீ பாத்தியா?"

"ஊத்தினதே நான்தான். எத்தனை வருஷமா இப்படி?"

அவர் பொய் சொல்லத் தெரியாதவர் என்று இல்லை. இவ்வளவு காலம் சொல்லிக்கொண்டுதானே இருந்திருக்கிறார். ஆனால் அன்றைக்கு முடியவில்லை. லாரி ஓட்டுகிற காலத்திலேயே, பிளிமத் பக்கத்துப் பெட்ரோல் பங்கில் தினம் ஒரு சின்ன பாட்டில் பால் வாங்கிக் குடிப்பாராம். ஜன்னல் ஓரத்துக் கண்ணாடிப் பெட்டியில் வெயில் படவே அடுக்கியிருப்பார்களாம். சின்ன வயதில் வீட்டிலும் அந்த ருசிதானாம்.

"நீ கொண்டுவர்ற பால்ல எனக்கு ஒண்ணுமே தெரியல, வெர்னா. என்ன பண்றது, என் நாக்கு அவ்வளவுதான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? நீ காபிய விட்ட, வெங்காயத்த விட்ட, கூடப்பிறந்தவன் பேச்சையே விட்ட. உன் முன்னாடி உக்காந்துக்கிட்டு, எனக்கு உன் பால் பிடிக்கலன்னு சொல்லணுமா? நீ துணியில சுத்திக் கொண்டுவருவ. நான் குடிச்சுட்டேன்."

அது அன்புதான். வெர்னாவுக்கும் அது தெரிந்தது. தெரிந்ததனாலேயே அது இன்னும் அவமானமாக இருந்தது. ஊர் மொத்தமும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. இந்த ஒரு மனுஷன் மட்டும் பத்தாயிரம் ராத்திரி அவள் எதிரில் உட்கார்ந்து அவளை ஏமாற்றியிருக்கிறார், அதுவும் அவள்மேல் இருந்த பிரியத்தினால். எந்த ஊர்ப் பாலில் என்ன குறை என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுகிறவளுக்குச் சொந்தச் சமையல்கட்டில் நடந்தது தெரியவில்லை. அன்றைக்கு அவள் கிளாசை எடுத்துக் கொட்டிவிட்டுப் படுக்கப் போனாள்.

அதற்குப் பிறகு ஆரின் சாப்பாட்டோடு தண்ணீர்தான் குடித்தார். கடைப் பாலை வாங்கி வர அவருக்குத் தைரியம் இல்லை. அவளுக்கும் அந்தச் சிவப்புக் கொட்டகையை வீட்டுக்குள் விட மனசில்லை. வாரத்துக்கு இரண்டு கேலன் வந்தது, பாதி திரிந்து போயிற்று. மேஜையில் பேச்சும் குறைந்துபோயிற்று. சின்ன வயதிலிருந்தே பால் குடித்து வளர்ந்த உடம்பு, ஆரின் கிறிஸ்துமசுக்குள் கொஞ்சம் இளைத்துவிட்டார். தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஜனவரியில் ஒருநாள், பனி விட்டு நல்ல வெயில் அடித்தது. வெர்னா ஒரு கிளாசில் பாலை ஊற்றிப் பின்வாசலைத் திறந்தாள். கைப்பிடிச் சுவரில் ஒரு சாண் உயரத்துக்குப் பனி. அதைக் கையால் குடைந்து, கிளாசை நேரே வெயில் விழுகிற மாதிரி ஊன்றி வைத்தாள். குளிரும் கெடாது, வெளிச்சமும் படும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கதவோரம் நின்றாள். முப்பத்தொரு வருஷம் எதை வரவிடக் கூடாது என்று காவல் காத்தாளோ, அதைத் தன் கையாலேயே வரவழைத்துக்கொண்டிருந்தாள். அரைமணி கழித்து எடுத்து ஒரு வாய் பார்த்தாள். அட்டை வந்துவிட்டது. கருகல் இன்னும் சரியாக வரவில்லை. திரும்பக் கொண்டுபோய் வைத்தாள், பக்கத்தில் இன்னொரு கிளாசிலும் ஊற்றி ஊன்றினாள்.

மத்தியானச் சாப்பாட்டில் முதல் கிளாசை ஆரின் முன்னால் வைத்தாள். அவர் அவளைப் பார்த்தார், கிளாசைப் பார்த்தார். பயந்துகொண்டே ஒரு வாய் குடித்தார். பிறகு நிறுத்தவில்லை. காலி கிளாசைக் கீழே வைக்கும்போது அவர் முகம் சந்தைக் கூடாரத்தில் இருந்த மாதிரியே இருந்தது.

"எங்க வாங்கின இதை?" என்றார். "ரொம்ப நல்லா இருக்கு. இன்னும் இருக்கா?"

வெர்னா இருக்கிறது என்றாள். எழுந்து பின்வாசல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். இரண்டாவது கிளாசுக்கு இன்னும் பத்து நிமிஷம் பாக்கி இருந்தது. ஆகிற வரைக்கும் அவள் அந்தக் குளிரிலேயே நின்றாள்.